கத்திரி வெயிலில் நட்ட கன்று ஏன் காய்கிறது?

சித்திரை, வைகாசியில் கன்று கேட்டு வருகிறவர்களை ‘ஆடி வரைக்கும் பொறுங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் தோட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். தண்ணீர் வசதி இருக்கிற வீட்டுக்காரர்களிடம் நான் அப்படிச் சொல்வதில்லை. தாழ்வான மனைகளில் புரட்டாசியில் நட்ட கன்று, வேர் பிடிப்பதற்குள் ஐப்பசி மழையில் நாள்கணக்கில் தண்ணீரில் நிற்கும். அதே மனையில் வைகாசியில் நட்டால், மழைக்கு முன் நான்கைந்து மாதம் கிடைக்கும்.

சரி, அப்படியானால் கோடையில் நட்டது ஏன் இவ்வளவு காய்ந்து போகிறது? பழி முழுக்க வெயில் மேல் விழுகிறது. காய்ந்த கன்றைப் பிடுங்கிப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் தண்ணீர் போன விதத்தில்தான் இருக்கும்.

மன்னார்குடி பக்கம் ஒரு வீட்டில் மகிழங்கன்று கருகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். “ரெண்டு வேளையும் தண்ணி விட்டேனே தம்பி” என்றார் அந்த அம்மா. பொய்யில்லை, குழியைச் சுற்றி மண் சேறாகத்தான் இருந்தது. கன்றைத் தூக்கியதும் தாய்மண், அதாவது பையிலிருந்து வேரோடு வந்த மண், கட்டியாக வந்தது. இரண்டு கையாலும் உடைத்தால் உள்ளே தூள் பறந்தது. பையில் இருப்பது செம்மண்ணும் எருவும் தென்னைநார்க் கழிவும் கலந்த பொலபொல மண். நார்க்கழிவு ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் லேசில் ஈரம் ஏற்காது. சுற்றியிருக்கும் வயல் களிமண் வேறு, தாய்மண்ணின் ஈரத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கன்றின் வேரோ முதல் சில வாரம் அந்தக் கட்டிக்குள் மட்டுமே இருக்கிறது. பக்கத்து மண் ஈரமாக இருந்து அதற்கு என்ன பயன்?

அதனால் நடுவதற்கு முன் பையோடு கன்றை ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். குமிழி வருவது நின்ற பிறகு எடுத்து, தண்ணீர் வடிந்ததும் பையைக் கிழியுங்கள். அடியில் வேர் சுருண்டிருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள், பிரியாததை வெட்டுங்கள். சுருண்ட வேர் அப்படியே தடித்தால் மரம் வளர்ந்த பிறகு காற்றுக்குச் சாயும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து போன ஊர்களில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதே ஊர்களில்தான் ‘சீக்கிரம் நிழல் வேண்டும், ஆளுயரக் கன்று கொடுங்கள்’ என்றும் கேட்கிறார்கள். கோடையில் முழங்கால் உயரக் கன்றுதான் சீக்கிரம் பிழைக்கும். இலை குறைவு, தாகமும் குறைவு.

களிமண்ணில் குழியை ஆழமாக வெட்டுவதைவிட அகலமாக வெட்டுவது முக்கியம். ஈரத்தில் மண்வெட்டி போட்டால் குழியின் சுவர் மெழுகியது போல வழவழப்பாகிவிடும், வேர் அதைத் துளைக்கத் திணறும். கடப்பாரையால் சுவரைக் கொத்திவிடுங்கள். குழி நிறைய ஆற்றுமணலும் எருவும் கொட்டுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. சுற்றிலும் களிமண் இருக்கும்போது அந்தக் குழி தொட்டிதான், தண்ணீர் வெளியே போக வழியில்லை. வெட்டிய மண்ணையே உடைத்து, கொஞ்சம் மட்கிய எரு கலந்து மூடினால் போதும். தண்டும் வேரும் சேரும் இடம் தரை மட்டத்தில் இருக்கட்டும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் மனையில் ஒரு சாண் மேடு கட்டி நடுங்கள்.

சாயந்தரம் நட்டு, உடனே ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். அதற்கப்புறம் கணக்கு வைக்காதீர்கள். தாய்மண்ணில் ஒரு குச்சியைச் செருகி எடுத்துப் பாருங்கள், ஈரமாக வந்தால் விட்டுவிடுங்கள். ஊற்றும்போது தண்டை ஒட்டி மெதுவாக, தாய்மண் நனையும்படி. மதியம் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறி ஊற்ற வேண்டாம். காலையிலும் தொங்கினால்தான் கவலை, அப்போதும் குச்சியைச் செருகிப் பார்த்துவிட்டே ஊற்றுங்கள். வேர் அழுகினாலும் இலை அதே மாதிரிதான் தொங்கும்.

மண் காயாமல் மேலே பரப்புகிற மூடாக்குக்கு வைக்கோலுக்கா பஞ்சம்? நாலு விரல் கனத்துக்குப் போட்டு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஒட்டிப் போட்டால் கறையான் ஏறும். மேற்குப் பக்கம் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தால் மூன்று மணி வெயில் அடங்கும். செம்பருத்தி, நந்தியாவட்டை, கனகாம்பரம் எல்லாம் பூவோடு வாங்கி வருவீர்கள். மனசு வராது, இருந்தாலும் பூவையும் மொட்டையும் கிள்ளிவிடுங்கள். யூரியா இப்போது வேண்டவே வேண்டாம்.

நாகை, வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். அங்கே பூவரசு, புங்கன், புன்னை வையுங்கள், தண்ணீரை இலைமேல் அடிக்காதீர்கள். தினமும் மேலாக நனைத்தால் உப்பு மேல்மண்ணிலேயே தங்கும், விடுகிற அன்று ஆழமாக இறங்க விடுங்கள்.

இரண்டு வாரத்தில் துளிர் வந்ததும் பலர் வாளியை ஓரம் வைத்துவிடுகிறார்கள். அந்தத் துளிர் கன்று ஏற்கெனவே சேர்த்து வைத்த சத்தில் வந்தது, வேர் பிடித்ததற்குச் சாட்சி இல்லை. குச்சி வைத்தியத்தை ஆடி வரை விடாதீர்கள். தரையிலிருந்து பெயர்த்தெடுத்த கன்றை மட்டும் கோடையில் வாங்காதீர்கள். அதற்கு ஆடி வரைக்கும் பொறுக்கத்தான் வேண்டும்.