ஸ்பிரிங் வாங்கும் முன் ஷாக்கைக் கழற்றிப் பாருங்கள்

"வண்டிய ரெண்டு இன்ச் எறக்கிக் குடுங்ணா, பட்ஜெட் கம்மிதான்." கோவையில் சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் எங்கள் கடைக்கு வருகிற ஸ்விஃப்ட், போலோக்காரர்களில் பலர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கையில் வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் பெட்டி ஏற்கெனவே இருக்கும். ஷாக் அப்சார்பரைப் பற்றிக் கேட்டால், "அது ஸ்டாக்கே நல்லாத்தான இருக்கு" என்பார்கள்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ-யையே எடுத்துக்கொள்வோம். 2013-இல் இங்கே வந்த வண்டி, 1.2 லிட்டர் டர்போ, 105 பிஎஸ். 2022-இல் போலோ இங்கே நின்றுபோனதால் இன்று கைமாறுவதெல்லாம் ஓடித் தேய்ந்த வண்டிதான். வாங்கியவர் முதலில் ரீமேப் போடுகிறார், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிப் பவரைக் கூட்டுகிறார். அப்புறம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏற்றிப் பார்க்கிறார். 40 கொண்டை ஊசி வளைவுகள். பத்து வளைவு தாண்டுவதற்குள் வண்டி சாய்கிறது, முன்பக்கம் வெளியே ஓடுகிறது, பின்பக்கம் குதிக்கிறது. உயரம்தான் காரணம் என்று அவரே முடிவு கட்டிவிடுகிறார். இதே வண்டி புதிதாக இருந்தபோது எப்படி ஓடியது என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் முன் ஸ்ட்ரட்டை, அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூணை, கழற்றி மேஜையில் வைத்தால் பெரும்பாலும் கதை அங்கேயே தெரிந்துவிடும். ஷாக் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருக்கும். ராடைக் கையால் அழுத்தினால் நல்ல ஷாக் ஒரே சீராக எதிர்த்துக்கொண்டு இறங்க வேண்டும். போன ஷாக்கில் முதலில் கொஞ்ச தூரம் ஒன்றுமே இருக்காது, திடீரென்று பிடிக்கும். ராடைச் சுற்றியுள்ள பம்ப் ஸ்டாப், அதாவது ஷாக் முழுசாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் ஃபோம், விரல் பட்டதும் மாவாக உதிரும். ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங்கைச் சுழற்றினால் மணல் அரைக்கிற சத்தம் கேட்கும். சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷில் ரப்பர் விரிந்து கிழிந்திருக்கும். இப்படியொரு வண்டியில் புது ஸ்பிரிங் மட்டும் மாட்டுவதற்குக் கூலி வாங்க எனக்கு மனசு வருவதில்லை.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குவது ஷாக்கின் வேலை. ஸ்பிரிங்கை 30 சதவீதம் கடினமாக்கினால், அதே அளவுக்கு அடக்க ஷாக்கின் பிடிமானமும் சுமார் 14 சதவீதம் கூட வேண்டும். ஏற்கெனவே பாதி செத்த ஷாக்கிடம் அதை எதிர்பார்த்தால் எப்படி? மேட்டில் ஏறி இறங்கிய வண்டி இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் நிற்கும். அந்த ஆட்டத்தோடு அடுத்த வளைவுக்குள் போனால் டயர் ரோட்டைச் சரியாகப் பிடிக்காது. தாழ்த்தியதால் ஷாக் அமுங்க மிச்சமிருக்கும் தூரமும் குறைந்துபோகிறது, சின்னக் குழிக்கே பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கிறது. அந்த இடியைத்தான் "ஸ்டிஃபா, ஸ்போர்ட்டியா இருக்கு" என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

தாழ்த்தினால் சாய்வு குறையும் என்பதும் முழு உண்மையில்லை. போலோ, ஸ்விஃப்ட் இரண்டுக்கும் முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது மேலே ஸ்ட்ரட், கீழே லோயர் ஆர்ம் மட்டும். அளவுக்கு மீறித் தாழ்த்தினால் லோயர் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, எடைமையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடுவதால் வண்டியைச் சாய்க்கும் நெம்புவிசையும் கூடுகிறது. ரோட்டு வண்டிக்கு 25, 30 மில்லிமீட்டருக்கு மேல் இறக்க நான் ஒத்துக்கொள்வதில்லை. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலை காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நம் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட வேகத்தடைக்கு அந்த விதியெல்லாம் தெரியாது.

ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றி ஒரு வார்த்தை: வேண்டாம். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் மிச்சம் 20 சதவீதம் கடினமாகும். வெட்டிய முனை, ஸ்பிரிங் உட்காரும் தட்டில் ஒழுங்காக உட்காராது, சக்கரம் தொங்கும்போது நழுவவும் செய்யும். கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது இன்னும் மோசம், இரும்பின் பதமே போய்விடும்.

சரி, காசை எங்கே போடுவது? முதலில் புஷ், மவுண்ட், பம்ப் ஸ்டாப், லிங்க் ராடு, நாலு நல்ல டயர், அலைன்மெண்ட். இத்தோடு பணம் தீர்ந்துவிட்டால் கம்பெனி அளவிலேயே புது ஷாக்ஸ் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், வண்டி வேறு வண்டியாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் இருந்தால் உயரத்தைத் தொடாமல் ஷாக்கை மட்டும் உயர்த்துங்கள். பில்ஸ்டீன் என்ற ஷாக் பிராண்டில் பி4 கம்பெனி ஷாக்குக்கு மாற்று, பி6 அதே உயரத்துக்குப் பிடிமானம் கூடியது, பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்காகக் குட்டையாகச் செய்தது. பி8-ஐ ஸ்டாக் ஸ்பிரிங்கோடு போடுவது வீண். பார்ட் நம்பரை உங்கள் மாடலோடு ஒப்பிடாமல் பணம் கட்டாதீர்கள். ஸ்பிரிங் ஆசை இருந்தால் அதற்கேற்ற ஷாக்கோடு ஜோடியாக வாங்குங்கள்.

மலிவு விலைக் காயில்ஓவரில் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) பிடிமானத்தை மாற்றும் 30 க்ளிக் குமிழில் மயங்க வேண்டாம். பலவற்றில் பத்து க்ளிக் திருப்பினாலும் வித்தியாசம் தெரியாது, கடைசி நான்கில் எல்லாம் மாறும். பழைய காயில்ஓவர் அதைவிட ஆபத்து, உள்ளே சீல் எப்படி இருக்கிறதென்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

பின்பக்கம் ஆன்ட்டி-ரோல் பார் (சாய்வைக் குறைக்க இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பி) போட்டால் முன்சக்கரம் இழுக்கும் வண்டி வளைவில் நன்றாகத் திரும்பும், குறைந்த செலவில் பெரிய மாற்றம். ஆனால் தேய்ந்த டயரோடு மழையில் இறங்கும்போது வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வழுக்கும். பழகாதவர்களுக்கு நான் மாட்டிக்கொடுப்பதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவையும் மறக்க வேண்டாம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. எதை மாற்றினாலும் இன்ஷூரன்ஸ்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முழுசாக முறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் திருகியபடியே நிற்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. புது ஸ்பிரிங் கொஞ்சம் படியும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அலைன்மெண்ட்டை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.