சாலையோரம் ஓடும் தண்ணீர் ஊருணிக்குப் போகட்டும்

செட்டிநாட்டு ஊர்களில் தெருத் தண்ணீர் ஊருணிக்கும் (ஊர்ப் பொதுக்குளம்), ஊருணி நிரம்பிய மிச்சம் கண்மாய்க்கும் (பாசன ஏரி) போகும்படி மட்டம் பார்த்துத்தான் வீதி அமைத்தார்கள். பிறகு பழைய தார் மேலேயே புதுத் தார் போடப்போட, சாலை உயர்ந்தது. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மண்மூடிப் போனது. மேட்டுப் பக்கம் தண்ணீர் கட்டி நிற்கிறது. பள்ளத்துப் பக்கம் ஒரே இடத்தில் பாய்ந்து செம்மண்ணை ஓடையாக அறுக்கிறது. ஊருணி காய்கிறது.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போடுங்கள். 3.75 மீட்டர் அகலம், ஒரு கிலோமீட்டர் நீளத் தார்ச்சாலையில் 50 மி.மீ. மழை பெய்தால் 1,87,500 லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஒன்றரை லட்சம் லிட்டர் ஓடும். 12,000 லிட்டர் லாரியில் பன்னிரண்டு நடைக்கு மேல்.

மழை பெய்யும்போதே குடையோடு நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே சாலையை விட்டு இறங்குகிறது, எங்கிருந்து சிவப்பாகிறது என்று குறியுங்கள். சிவப்பாகும் இடத்துக்கு மேலேதான் வேலை. கீழே தடுப்பணை கட்டக் கேட்பவர்களே அதிகம். மேலே வேகத்தைக் குறைக்காமல் கட்டினால் அது வண்டலால்தான் நிரம்பும்.

கிராவல் சாலை என்றால் நடு உயர்ந்து, இரு பக்கமும் மீட்டருக்கு 5 செ.மீ. சரிவு வேண்டும். ஓரத்தில் மண் திட்டு நின்றால் தண்ணீர் இறங்காமல் சக்கரத் தடத்திலேயே ஓடும். முதலில் அந்தத் திட்டை வெட்டுங்கள். சரிவான இடங்களில் ஏறக்குறைய 60 மீட்டருக்கு ஒன்றாக, சாலையோடு 30 பாகைக் கோணத்தில் பக்க வாய்க்கால் எடுக்கலாம். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் போதும். கண் மதிப்பை நம்பாதீர்கள், கொத்தனாரிடம் உள்ள டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) போதும். வாய்க்கால் முடியும் இடத்தில் கல் பரப்பி, தண்ணீர் விரிந்து வழியும்படி விடாவிட்டால் அங்கேயே புது ஓடை பிறக்கும்.

அதிகம் கோளாறாவது, தண்ணீர் கடக்கச் சாலைக்கு அடியில் குழாய் பதித்த குழாய்ப் பாலம்தான். குழாயின் அடி, வரத்துக்காலின் தரைமட்டத்திலேயே இருக்க வேண்டும். உயர்த்தி வைத்தால் மேட்டில் தண்ணீர் தேங்கிச் சாலைக்கு அடியில் கசியும். தாழ்த்தினால் மண் அடைக்கும். விட்டம் 600 மி.மீ.-க்குக் குறைந்தால் சருகும் பிளாஸ்டிக் பையுமே போதும், அடைத்துவிடும். வெளிவாயில் விட்டத்தைப்போல் நான்கு மடங்கு நீளத்துக்குக் கல் பதியுங்கள். இல்லையேல் அங்கே குழி விழுந்து, அரிப்பு பின்னோக்கி ஏறிச் சாலையையே தின்னும்.

ஏற்கெனவே அறுந்த ஓடைக்குச் செம்புரைக் கல்லோ கருங்கல்லோ அடுக்கிய தாழ்வான தடுப்புகள் நல்லவை. உயரம் அரை மீட்டருக்கு மேல் வேண்டாம். நடுப்பகுதி ஓரங்களைவிட 15 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். மட்டமாகக் கட்டினால் வெள்ளம் ஓரமாக ஒதுங்கிக் கரையை வெட்டும். இரு முனையையும் கரைக்குள் அரை மீட்டர் புதையுங்கள். கீழ்த் தடுப்பின் தலைமட்டம், மேல்தடுப்பின் அடிமட்டத்துக்குச் சமமாக வருவதுபோல் இடைவெளி விடுங்கள். தேங்கும் வண்டலில் 15 செ.மீ.-க்கு ஒன்றாக வெட்டிவேர் நடலாம். கரையில் உள்ள சீமைக் கருவேலத்தைப் பொக்லைனால் வேரோடு பிடுங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. வேர் போன குழியில்தான் அடுத்த உடைப்பு. கரையில் வேரை விட்டுவிட்டுத் தரையை ஒட்டி வெட்டுங்கள், துளிர்ப்பதை மீண்டும் வெட்டுங்கள்.

தார்ச்சாலைத் தண்ணீரில் எண்ணெயும் டயர்த் தூளும் வரும். குடிநீர் ஊருணிக்கு அதை விடவே கூடாது. குளிக்கிற, மாடு குடிக்கிற ஊருணிக்கும் முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, அடுத்து வருவதையே விடுங்கள். ஊருணிக்குள் தண்ணீர் நுழையும் வாய்க்கு முன் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் வண்டல் குழி வெட்டுங்கள்.

நெடுஞ்சாலைத் துறையின் சாலையை அனுமதியின்றித் தொடக் கூடாது. கண்மாய் ஆயக்கட்டு (அது பாசனம் தரும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேலென்றால் அது நீர்வளத் துறையின் பொறுப்பு, குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டால் ஆடி, ஆவணியில் வேலை முடியும். புரட்டாசி மழையில் சோதித்து, ஐப்பசிக்குள் பழுது பாருங்கள். குழியில் சேரும் வண்டலை மேட்டில் அரிபட்ட வயலுக்கே கொண்டுபோய்க் கொட்டுங்கள்; குழியின் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் திரும்பி உள்ளே வந்துவிடும்.