உள்ளே இழுக்க முடியவில்லையா? வெளியே போகாத காற்றைக் கவனியுங்கள்

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “அப்பாவுக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). ஹவுசிங் போர்டுல மூணாவது மாடி. ஏறி வந்து உட்கார்ந்ததும் ‘மூச்சை உள்ள இழுக்கவே முடியலம்மா’ன்னு தவிக்கிறார். ஆஸ்பத்திரியில என்னடான்னா, மூச்சை வெளிய விடறது எப்படின்னு சொல்லிக்கொடுக்கிறாங்க. உள்ள போகாதவருக்கு வெளிய விடறது எதுக்கு?”

அப்பா சொல்வதும் சரி, ஆஸ்பத்திரியில் சொன்னதும் சரி. இரண்டும் எங்கே சேர்கின்றன என்று தெரிந்துகொண்டால், இந்த நோயோடு வாழத் தேவையான பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

சிஓபிடி எதனால் வருகிறது என்பது பலருக்கும் தெரியும்: பீடி, சிகரெட், பல வருட விறகடுப்புப் புகை, வேலையிடத்துத் தூசி, எப்போதோ வந்து ஆறிய டிபியின் தழும்பு. மணலி, எண்ணூர் பக்கத்துக் காற்றும், துறைமுகம் போகும் லாரிகளின் புகையும், தை பிறப்பதற்கு முதல் நாள் போகிப் புகையும் ஏற்கெனவே நொந்த நுரையீரலை மேலும் கிளறிவிடும். கெட்டுப்போன பகுதி பழையபடி ஆகாது. மீதியிருப்பதை வைத்து எப்படிச் சமாளிப்பது என்பதுதான் கற்க வேண்டியது.

நுரையீரலுக்குள் மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து மெலிந்துகொண்டே போகிறது. பெரிய குழாய்களில் குருத்தெலும்பு இருக்கிறது; நசுக்கினாலும் மடங்காது. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த கடைசிக் குழாய்களில் அது கிடையாது. அவை மூடாமல் இருப்பது எப்படி? தெருவில் போடும் பந்தலைப் பாருங்கள். துணிக்குத் தானாக நிற்கத் தெம்பில்லை. சுற்றிலும் கயிறு கட்டி இழுத்துப் பிடிப்பதால் விரிந்து நிற்கிறது. சின்னக் குழாய்களைச் சுற்றியுள்ள காற்றறைகளின் சுவர்கள்தான் அந்தக் கயிறுகள். புகை வருடக்கணக்கில் அரித்து அறுப்பது இந்தக் கயிறுகளைத்தான்.

கயிறு அறுந்த குழாய், மூச்சை இழுக்கும்போது எப்படியோ திறந்துகொள்கிறது. அவசரமாக முக்கி வெளியே விடும்போதுதான் வம்பு. நெஞ்சுக்கூட்டின் அழுத்தம் காற்றை மட்டுமா நெருக்குகிறது? குழாயையும் வெளியிலிருந்து நெருக்குகிறது. ஊறிப்போன காகித ஸ்ட்ராவில் இளநீரை வேகமாக உறிஞ்சினால் நடுவில் ஒட்டிக்கொள்ளுமே, அதே கதை. உறிஞ்ச உறிஞ்ச இன்னும் ஒட்டும். சிஓபிடியிலும் முக்க முக்க, காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இப்போது மாடிப்படிக்கு வருவோம். உட்கார்ந்திருக்கையில் நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கு 4 விநாடி. வெளியே விட இரண்டரை விநாடிக்கு மேல் கிடைக்கிறது. படி ஏறும்போது 30 மூச்சு ஆனால் மொத்தமே 2 விநாடி; வெளியே விட ஒரு விநாடிதான் சொச்சம். 500 மில்லி இழுத்து 480 மில்லிதான் வெளியேறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மூச்சில் 200 மில்லி பழைய காற்று தங்கிவிடும். இப்படி நெஞ்சு ஊதிக்கொண்டே போகும்போது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல மேலே வளைந்திருக்க வேண்டிய உதரவிதானம் என்ற தசை தட்டையாகிவிடுகிறது. வளைந்த தசைதான் சுருங்கிக் கீழே இறங்கி மூச்சை இழுக்கும். ஏற்கெனவே தட்டையாகிப் போனது இன்னும் எங்கே இறங்கும்? அதனால்தான் “உள்ள இழுக்கவே முடியல”. குடம் நிரம்பியிருக்கிறது; குழாயைத் திறந்து என்ன பயன்?

மருந்துக் கடையில் விற்காத ஒரு கருவி இதற்கு உண்டு: குவித்த உதடு. மூச்சை விடும்போது, குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் ஆழத்திலிருந்து வாயை நோக்கி வர வரக் குறைகிறது. வெளியே நெருக்கும் அழுத்தத்தைவிட அது எந்த இடத்தில் குறைகிறதோ, அங்கேதான் குழாய் மடங்கும். உதட்டைக் குவித்தால் காற்று வெளியேறும் வாசலில் ஒரு சிறு தடை. தடைக்குப் பின்னால் குழாய் நெடுகிலும் அழுத்தம் கூடி நிற்கிறது. மடங்கும் இடம் வாய்ப்பக்கமாக நகர்ந்து, குருத்தெலும்பு உள்ள பெரிய குழாய்க்குள் போய்விடுகிறது. அங்கே நெருக்கினாலும் ஒன்றும் ஆகாது. சின்னக் குழாய் திறந்தபடி இருக்க, காற்று நிதானமாக வெளியேறுகிறது. முகத்தில் உள்ள இரண்டு உதடுகள், நெஞ்சுக்குள் கண்ணுக்கே தெரியாத குழாயைத் திறந்து வைக்கின்றன! உடலியலில் இதைவிட அழகான விஷயம் குறைவு.

செய்யும் முறை: தோளைத் தளர்த்தி உட்கார்ந்து, மூக்கால் 1, 2 எண்ணி இழுக்க வேண்டும். பெருமூச்சு வேண்டாம். சூடான டீயை ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து 1, 2, 3, 4 எண்ணி விட வேண்டும். கன்னம் உப்பினாலோ வயிறு இறுகினாலோ, முக்குகிறார் என்று அர்த்தம். முகத்துக்கு எதிரே ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். அது படபடக்காமல் ஒரே சீராகச் சாய்ந்து நிற்க வேண்டும். சிலர் மெழுகுவத்தி வைத்துப் பழக்குகிறார்கள். வீட்டில் ஆக்சிஜன் ஓடுகிறது என்றால் மெழுகுவத்திப் பக்கமே போகாதீர்கள், தீப்பிடிக்கும்.

தினமும் மூச்சு வாங்காத நேரத்தில் நாலைந்து தடவை பழக வேண்டும். தவிக்கும்போது புதிதாக எதையும் கற்க முடியாது. பழகியபின் படிக்குக் கொண்டுபோங்கள்: நின்று இழுக்க வேண்டும், ஊதிக்கொண்டே இரண்டு படி ஏற வேண்டும், மறுபடி நிற்க வேண்டும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும் கணத்திலும், குனிந்து எழும்போதும் ஊத வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

பம்பிலும், அதாவது வாயில் வைத்து மருந்தை இழுக்கும் இன்ஹேலரிலும், இதே பாடம்தான் தொடங்குகிறது. நெஞ்சு நிரம்பியிருக்கும்போது அடித்தால் மருந்து தொண்டையோடு நிற்கும். நன்றாகக் குலுக்கி, முதலில் மூச்சை முடிந்தவரை வெளியே விட்டு, ஸ்பேசர் (பம்பின் முன்னால் மாட்டும் பிளாஸ்டிக் குடுவை) வழியாக ஒரே ஒரு தடவை அடித்து, மெதுவாக இழுத்து, 10 விநாடி பிடித்து விட வேண்டும். இரண்டாவது பஃப் அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கியபின். இரண்டையும் சேர்த்து அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகி, ஸ்பேசருக்குள்ளேயே படிந்துவிடும். ஸ்பேசரைக் கழுவித் துணியால் துடைப்பது இன்னொரு தப்பு. உரசிய பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காயவிடுங்கள். கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் ரோட்டாஹேலருக்கு நேர்மாறு: மெதுவாக இழுத்தால் பொடி கிளம்பாது, வேகமாக இழுக்க வேண்டும். கருவிக்குள் ஊதிவிட்டால் ஈரத்தில் பொடி கட்டியாகிவிடும். ஸ்டீராய்டு கலந்தது எதுவானாலும், எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

“பம்பு போட்டா அதுவே பழகிடும்” என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. பம்பு போதை தராது. அதில் உள்ள சால்பியூட்டமால் மருந்து நாலைந்து மணி நேரம் குழாய்த் தசையைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான். முன்பைவிட அடிக்கடி தேவைப்படுகிறது என்றால், நோய் ஏறுகிறது என்று பொருள். டாக்டரிடம் போக வேண்டிய நேரம் அது. பம்பை ஒளித்துவைக்கும் நேரமில்லை.

கனடாவின் கியூபெக்கில் 191 நோயாளிகளை வைத்து நடந்து 2003இல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறை வீட்டில் சொல்லிக்கொடுத்து, பிறகு மாதாமாதம் போனில் விசாரித்தார்கள். நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்வது சுமார் 40 சதவீதம் குறைந்தது. துண்டுப் பிரசுரம் கொடுத்தனுப்பினால் இது நடக்காது. “புரிஞ்சுதா?” என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், “செஞ்சு காட்டுங்க” என்று கேட்க ஓர் ஆள் வேண்டும், ஒவ்வொரு முறையும். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. அப்படி வருபவர் பத்து நிமிடம் உட்கார்ந்து, பம்பு அடிப்பதையும் ஊதுவதையும் பார்த்துத் திருத்தினால் என்ன? புதுக் கட்டடங்களுக்குச் செலவழிப்பதற்கு முன் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சளி வழக்கத்தைவிடக் கூடினாலோ, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலோ, வழக்கமான படியில் வழக்கத்தைவிட அதிகம் நிற்க வேண்டி வந்தாலோ, அன்றே டாக்டரைப் பாருங்கள். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரில் 90 காட்டுகிறதே என்று பதறி ஆக்சிஜனை நீங்களாகக் கூட்டாதீர்கள். இந்த நோயாளிகளில் பலருக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கு, கூடினால் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரலாம். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குழம்பிப் பேசினாலோ, தூங்கி வழிந்தாலோ, உடனே 108. வண்டி வரும்வரை அப்பாவைப் படுக்க வைக்காதீர்கள். நாற்காலியில் முன்னால் சாய்ந்து, முழங்கை இரண்டும் தொடையில் ஊன்றும்படி உட்கார வையுங்கள். எதிரே உட்கார்ந்து நீங்களும் உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுங்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்த்து ஊதட்டும்.