ஒளியுணர்வூட்டி: உணர்வது வேறு, ஊட்டுவது வேறு

போன மாதம் ஈறு நோய் பற்றிய கையேடு ஒன்று மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்தது. ‘ஈறுப் பைக்குள் ஒளியுணரியைச் செலுத்தி, சிறிது நேரம் கழித்துச் சிவப்பு ஒளி காட்டவும்’ என்று அதில் ஒரு வரி. ஒளியுணரி என்றால், அந்தி சாய்ந்ததும் தெருவிளக்கைத் தானே எரியவைக்கிறதே, அந்தச் சின்னஞ்சிறு உறுப்பு. அதை யார் வாய்க்குள் வைப்பார்கள்? மூலத்தைப் புரட்டினால் அங்கே இருந்தது ஃபோட்டோசென்சிடைசர். ஈறுக்குள் போவது ஒரு சொட்டு நீலச் சாயம்; ஒளி பட்டால் அது கிருமியைக் கொல்லும்.

சென்சர் தான் உணரும். அதனால் அது உணரி. சென்சிடைசர் தான் உணர்வதோடு நிற்பதில்லை, இன்னொன்றுக்கு அந்த உணர்வைக் கொடுக்கும். தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாடுதான் இது. உண்பவன் வேறு, ஊட்டுபவள் வேறு.

அந்த நீலத்தைப் பலரும் பார்த்திருப்போம். மெத்திலீன் நீலம். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஹைன்ரிஷ் கரோ 1876-இல் துணிச் சாயமாகச் செய்தது. 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுகொண்டபோது அவர் மேசையில் இருந்ததும் இதுதான். கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடித் துண்டில் மோரைத் தடவி, சுடரில் மேலாகக் காட்டி, ஒரு சொட்டு நீலம் விட்டு, ஒரு நிமிடம் பொறுத்துக் கழுவுவோம். கண்ணாடி கழுவினால் வெளுக்கும், நகக்கண் வெளுக்காது. மூன்று நாள் நீல விரலோடுதான் சோறு. நுண்ணோக்கியில் நீலக் குச்சிகளும் மணிகளும் தெரியும். சாயத்துக்கு நேர்மின்னூட்டம், கிருமியின் மேற்பரப்புக்கு எதிர்மின்னூட்டம். அதனால்தான் அப்படி ஒட்டிக்கொள்கிறது. கிருமியைக் காட்டிக்கொடுத்த அதே ஒட்டுதல்தான் அதைக் கொல்லவும் பயன்படுகிறது.

கொல்லும் என்பதை முதலில் கவனித்தவர் ஒரு மாணவர். மியூனிக்கில் ஹெர்மன் ஃபான் டாப்பைனரிடம் படித்துக்கொண்டிருந்த ஆஸ்கர் ராப், 1897-98 குளிர்காலத்தில் அக்ரிடீன் என்ற பொருள் பாரமீசியங்களை எவ்வளவு நேரத்தில் கொல்லும் என்று அளந்துகொண்டிருந்தார். (பாரமீசியம் பாக்டீரியா அல்ல, ஒருசெல் உயிரி.) அதே அளவு மருந்துதான், ஒரு நாள் சீக்கிரம் செத்தன, ஒரு நாள் வெகுநேரம் நீந்தின. இடி மழையில் வானம் இருண்டிருந்த நாளில் பிழைத்துக் கிடந்தன என்று பார்த்தபிறகுதான், வேறுபாடு மருந்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது என்று பிடிபட்டது. 1900-இல் அது அச்சேறியது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் இந்தக் கொலை நடக்காது என்பதை 1904-இல் டாப்பைனரும் யோட்ல்பவரும் காட்டினார்கள். இந்த விளைவுக்கு ஃபோட்டோடைனமிக் என்று பெயர் வைத்ததும் டாப்பைனர்தான். கிரேக்கத்தில் ஃபோஸ் ஒளி, டைனமிஸ் ஆற்றல். டைனமைட்டில் வெடிப்பதும் அதே வேர்தான். புகைப்படத் தகட்டை ஒளிக்குக் கூர்மையாக்கச் சாயம் சேர்க்கும் வழக்கம் அப்போதே இருந்தது. அதிலிருந்து பிரித்துக் காட்டவே அவருக்குத் தனிப் பெயர் தேவைப்பட்டது.

ஆக, மூவர் சேர்ந்து செய்யும் வேலை இது. சாயம் ஒளியைப் பிடிக்கிறது. மெத்திலீன் நீலத்துக்கு 660 நானோமீட்டர் அருகே உள்ள சிவப்பு பிடிக்கும். பிடித்த ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் தள்ளிவிடுகிறது. வாங்கிக்கொண்ட ஆக்சிஜன், ஒற்றைநிலை ஆக்சிஜன் என்ற வீரியம் மிகுந்த வடிவத்துக்கு மாறி, கைக்கெட்டிய கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எல்லாவற்றையும் தாக்குகிறது. தண்ணீரில் அதன் ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் மூன்று நான்கு பங்கு. ஒரு மைக்ரோமீட்டர் தாண்டுவதற்குள் அடங்கிவிடும். சாயம் கிருமியின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டியது அதனால்தான். ஒரே ஒரு பூட்டைக் குறிவைக்காமல் வீட்டையே கொளுத்துவது போன்றது என்பதால், ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமியும் இதற்கு எளிதில் தப்புவதில்லை. ஆனால் ஒளி போகிற தூரம்தான் எல்லை: வாய், மூக்கு, புண், தோல். இரத்தத்தில் பரவிய தொற்றுக்கு இது மருந்தாகாது. வான்கூவர் பொது மருத்துவமனையில் 2011 முதல், அறுவைக்குப் போகிறவர்களின் மூக்குத் துளையில் இந்த நீலத்தைத் தடவிச் சிவப்பு ஒளி காட்டுகிறார்கள்.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியை வெண்புள்ளிக்குப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வதும் இதுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். பக்கத்து வீடு, அதே வீடு அல்ல. அதிலுள்ள சோரலென் என்ற பொருள் ஒளி பட்டதும் நேரே டி.என்.ஏ.வோடு பிணைந்துகொள்கிறது; அந்தப் பிணைப்புக்கு ஆக்சிஜன் தேவையில்லை.

இனி தமிழ்ச் சொல். ‘ஒளி இயங்கியல்’ என்று எழுதினால் மார்க்ஸிய வகுப்பு நினைவுக்கு வரும். ‘ஒளியியக்கவியல்’ ஒரு படிப்பின் பெயர் போல ஒலிக்கிறது. இது படிப்பு அல்ல, சிகிச்சை. ‘ஒளிக்கொல்லி’ சுருக்கமாக இருக்கிறது, ஆனால் பூச்சிக்கொல்லி பூச்சியைக் கொல்கிற மாதிரி இது ஒளியைக் கொன்றுவிடும். ‘ஒளிவினையூக்கி’ டைட்டானியம் டை ஆக்சைடு போன்றவற்றுக்கு ஏற்கெனவே போய்விட்டது. நான் கையேட்டில் போட்டது, சிகிச்சைக்கு ‘ஒளியியக்க நுண்ணுயிர் ஒழிப்பு’, சாயத்துக்கு ‘ஒளியுணர்வூட்டி’. இரண்டாவது நீளம்தான். ஆனாலும் ஊட்டு என்ற வினை எனக்குப் பிடித்திருக்கிறது. காலில் செம்பஞ்சு ஊட்டுவது என்பது பழைய வழக்கு. சாயத்தை ஏற்றுவதற்கும் உணவைக் கொடுப்பதற்கும் தமிழில் ஒரே வினை. இந்த நீலம் இரண்டையும் செய்கிறது.

ஒரு வரி இன்னும் பாக்கி. மூலத்தில் ஃபோட்டோபிளீச்சிங் என்று இருந்ததை மொழிபெயர்ப்பாளர் ‘ஒளிவெளுப்பாக்கம்’ என்று எழுதியிருந்தார். ஒளியைப் பிடித்துப் பிடித்து, கடைசியில் தான் உண்டாக்கிய ஆக்சிஜனாலேயே சாயமும் சிதைந்து நிறம் இழப்பதைச் சொல்லும் சொல் அது. மஞ்சளில் உள்ள குர்குமினும் நீல ஒளியில் கிருமியைக் கொல்லும் சாயம்தான், அதுவும் ஒளியில் சிதையும். வேட்டியில் சாம்பார்க் கறை பட்டால் சோப்புப் போட்டதும் சிவக்கும். அம்மா அலட்டிக்கொள்ளாமல் அலசி வெயிலில் உதறிப் போடுவாள், சாயங்காலம் கறை இருக்காது. ‘ஒளிவெளுப்பாக்கம்’ என்பதை அடித்துவிட்டு, ‘சாயம் வெளுத்தல்’ என்று எழுதி அனுப்பினேன்.