‘வூட்லயே படிக்குதுங்க மேடம்’

கிருஷ்ணகிரியில் வக்கீலாக இருக்கும் என்னிடம் இந்த வாக்கியத்தை இரண்டு வகைப் பெற்றோர் சொல்கிறார்கள். ஓசூரில் ஐ.டி. வேலை பார்க்கும் தம்பதி, மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டுத் தாங்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘கேஸ் ஆகுமா?’ என்று கேட்க வந்தார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவரின் மகளோ ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆறாம் வகுப்புக்கு பஸ் ஏற வேண்டும். புத்தகம் எங்கே என்று கேட்டால் அவர் பேச்சை மாற்றுவார்.

2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. வீட்டுக்கல்வி என்ற பேச்சே அதில் இல்லை. ஓசூர்ப் பையன் 14 வயது ஆனதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதிக்கொள்வான். அவனைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை.

வீட்டில் கற்கலாம் என்ற பேச்சு நமக்குப் புதியதும் அல்ல. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1953-ல் முதல்வராக இருந்தபோது கிராமத் தொடக்கப்பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். இரண்டு ஷிப்டு வைத்தால் இன்னும் நிறையப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கணக்கு. மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். ‘குலக்கல்வி’ என்று எதிர்ப்பு கிளம்பியது. 1954-ல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. வீட்டில் கற்கலாம் என்றால் எந்த வீட்டில் என்ற கேள்வியை அன்றைக்கே கேட்டுவிட்டார்கள்.

ரோஜாத் தோட்டக்காரரிடம் நான் எடுத்துக்காட்டுவது குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை. 2016 திருத்தத்தின்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளை குடும்பத் தொழிலில் உதவலாம்தான். ஆனால் பள்ளி நேரம் போக, அல்லது விடுமுறையில். பள்ளிக்கே போகாத பிள்ளைக்குப் ‘பள்ளி நேரம் போக’ என்று எதைக் காட்டுவது? பெண்பிள்ளை வீட்டில் இருந்தால் அடுத்து மாப்பிள்ளைப் பேச்சும் வந்துவிடுகிறது, எங்கள் மாவட்டத்தில். அப்படித் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

தோட்டக்காரரின் மனைவிக்கு வேறொரு தயக்கம்: “பதிமூணு வயசுப் புள்ளய ஆறாவதுல சின்னப் புள்ளைங்களோட ஒக்கார வெப்பாங்களா?”

மாட்டார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி வயதுக்கேற்ற வகுப்பில், அதாவது எட்டாவதில் சேர்த்து, விட்டுப்போன பாடங்களுக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது.

“அப்ப பஸ் பாஸ் எங்கங்க மேடம் வாங்கறது?” என்றார் அந்த அம்மா.