ஒரே குதிரை, மூன்று தலை

17ஆம் நூற்றாண்டில் பியர் லொம்பார் செதுக்கிய, படம் அச்சடிக்கும் செம்புத் தகடு ஒன்று. கவசம் பூண்டு குதிரைமேல் இருப்பவர் ஒரு பிரதியில் இங்கிலாந்து மன்னரை எதிர்த்துப் போரிட்ட தளபதி ஆலிவர் குரோம்வெல், இன்னொன்றில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி. வேறொன்றில் இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ். குரோம்வெல் தரப்பு சிரச்சேதம் செய்த அதே மன்னர்! தலை இருந்த இடத்தைச் சுரண்டித் தேய்த்து, பள்ளத்தைப் பின்பக்கமிருந்து தட்டிச் சமன்செய்து, புதுத் தலை செதுக்கினால் போதும். அந்தஸ்தைச் சொல்லும் வேலையைக் குதிரையும் கவசமும் பார்த்துக்கொண்டன.

அச்சில் இருப்பதோ கறுப்பு மை மட்டும். பட்டு எது, வெல்வெட் எது என்று கோடுதான் சொல்ல வேண்டும். சாய்வாகத் தீட்டிய முனை கொண்ட எஃகு உளியைச் செம்பில் முன்னோக்கித் தள்ளுவார்கள். ஆழம் கூடினால் கோடு தடிக்கும், மையும் கூடுதலாகத் தங்கும். வளைவு வேண்டுமானால் உளியைத் திருப்புவதில்லை. மணல் அடைத்த தோல் மெத்தைமேல் தகட்டையே சுழற்றுவார்கள். பட்டுக்கு நீண்ட நெருக்கமான கோடுகள், மினுங்கும் இடத்தில் சட்டென அறுந்துவிடும். வெல்வெட்டுக்கு அடர்ந்த குறுக்குக்கோடுகள், வெளிச்சம் மடிப்பின் விளிம்பில் மட்டும். கம்பளி ரோமத்துக்குக் குட்டிக் கீறல்கள். கோடுகள் செங்கோணத்தில் வெட்டிக்கொண்டால் பட்டு சல்லடைபோலத் தெரியும்; அதனால் சாய்வாகவே வெட்டவிடுவார்கள். வெட்டும் இடத்தில் ஆழம் மிஞ்சினால் இடையிலுள்ள செம்பு பெயர்ந்து, அச்சில் கறுப்புத் திட்டாக விழும். பிரெஞ்சு ஓவியர் ரிகோ வரைந்த ஆயர் பொசுவேயின் ஓவியத்தை 1723இல் பியர் ஆம்பேர் ட்ரெவே செதுக்கினார். அதில் லேஸ், ரோமம், பட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். என் கண்ணுக்கு முகத்தைவிட அந்தத் துணிதான் உயிரோடு இருக்கிறது.

படத்தின் அடியில் பெயர், பதவி, கேடய வடிவில் குலச்சின்னம். சின்னத்தின் நிறத்துக்கும் கோடுதான். இயேசு சபைத் துறவி பெட்ரா சாங்க்டா 1638இல் வெளியிட்ட நூலால் பரவிய முறையில் பொன்னுக்குப் புள்ளி, வெள்ளிக்கு வெற்றிடம், சிவப்புக்கு நெடுக்குக்கோடு, நீலத்துக்குக் கிடைக்கோடு. பச்சைக்கு மேல் இடமிருந்து கீழ் வலத்துக்குச் சாய்கோடு. அதையே எதிர்ப்பக்கம் சாய்த்தால் ஊதா.

விபத்து இங்கேதான் காத்திருக்கும். தகட்டில் உள்ளது அச்சில் இடவலம் மாறும். ஓவியத்தைக் கண்ணாடியில் பார்த்துச் செதுக்காவிட்டால் இடது இடுப்பு வாள் வலது இடுப்புக்குப் போகும், பச்சைக் கேடயம் ஊதாவாகும். கேடயத்தின் குறுக்கே ஓடும் சாய்பட்டை எதிர்ப்பக்கம் திரும்பினால் இன்னும் மோசம்: ஊர்ப்பேச்சில் அது முறைதவறிப் பிறந்த பிள்ளைக்கான அடையாளம்.