வானிலைக் குறியீட்டுக் காப்பீடு: மழைமானி சொல்லும் கணக்கு

வழக்கமான பயிர்க் காப்பீட்டில் இழப்பை அளக்க அறுவடை வரை காத்திருக்க வேண்டும். ஊரில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, நெல் என்றால் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, எடை போட்டுச் சராசரி காண்பார்கள். அந்தக் கணக்கு முடிந்து பணம் வருவதற்குள் பல நேரம் அடுத்த விதைப்பே வந்துவிடும். வானிலைக் குறியீட்டுக் காப்பீட்டில் வயலை யாரும் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட வானிலை நிலையத்தில் பதிவான மழை, ஒப்பந்தத்தில் எழுதிய அளவுக்குக் கீழே போனால் பணம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இந்தியாவில் இது 2003-ல், அன்றைய ஆந்திரத்தின் மகபூப்நகர் மாவட்டத்தில் தொடங்கியது. பேசிக்ஸ் என்ற நுண்கடன் நிறுவனமும் ஐசிஐசிஐ லம்பார்டும், உலக வங்கியின் தொழில்நுட்ப உதவியோடு, நிலக்கடலையும் ஆமணக்கும் பயிரிட்ட சிறு விவசாயிகளிடம் இதைக் கொண்டுபோயின. 2007-ல் மத்திய அரசின் திட்டமாகி, 2016-ல் மறுசீரமைக்கப்பட்டது. விவசாயி செலுத்தும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் கரீஃப் (தென்மேற்குப் பருவமழைக் கால) உணவு தானியம், எண்ணெய்வித்துகளுக்கு 2 சதவீதம், ராபிக்கு (குளிர்காலப் பருவம்) 1.5, வணிக, தோட்டப் பயிர்களுக்கு 5.

மகபூப்நகரில் விற்ற பாலிசிகளின் அமைப்பைப் பார்த்தால் சூத்திரம் புரியும். பருவத்தை 35, 35, 40 நாட்கள் கொண்ட மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். ஜூன் 1 முதல் பெய்த மழை 50 மி.மீ. தாண்டும் நாளில் முதல் கட்டம் தொடங்கும். ஜூன் முழுதும் அவ்வளவு பெய்யாவிட்டால் ஜூலை 1-ல் தானாகத் தொடங்கும். முதல் இரண்டு கட்டங்களில் மழைக் குறைவுக்குப் பணம், அறுவடைக் கட்டத்தில் மிகைமழைக்கு. ஒரு நாளில் 2 மி.மீ.க்குக் குறைவாகப் பெய்தால் கணக்கில் வராது, ஏனென்றால் அது வேருக்குப் போகுமுன் ஆவியாகிவிடும். 60 மி.மீ.க்கு மேல் பெய்ததும் சேராது, அது ஓடி வீணாவது.

ஒரு மாதிரிக் கணக்கு: இழப்பீடு தொடங்கும் அளவு 70 மி.மீ., குறையும் ஒவ்வொரு மி.மீ.க்கும் 10 ரூபாய், மழை 10 மி.மீ. அல்லது அதற்கும் கீழே போனால் முழுத் தொகையான 1,000 ரூபாய். கட்டம் முடியும்போது 42 மி.மீ. பதிவாகியிருந்தால் குறைவு 28, இழப்பீடு 280 ரூபாய்.

பிரீமியம் கணக்கிட, இதே விதியைப் பழைய மழைப் பதிவுகளில் ஓட்டிப் பார்ப்பார்கள். 30 ஆண்டுகளுக்குச் சேர்த்து 6,000 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றால் ஆண்டுச் சராசரி 200. வறட்சி வந்தால் வட்டாரம் முழுவதும் ஒரே நேரத்தில் இழப்பீடு கேட்கும். ஆகவே நிர்வாகச் செலவோடு மறுகாப்பீட்டுச் செலவும், அதாவது நிறுவனம் தனக்கே எடுத்துக்கொள்ளும் காப்பீட்டின் செலவும், அதன் மேல் ஏறும். காலநிலை மாற்றம் உறுத்துவது இந்த இடத்தில்தான். அந்த 6,000-ல் 3,500 கடைசிப் பத்தாண்டில் மட்டும் வந்தது என்றால் இன்றைய உண்மையான சராசரி 350. பழைய சராசரியை நம்பினால் நிறுவனம் தாங்காது, புதியதை வைத்தால் மானியம் இல்லாமல் சிறு விவசாயி தாங்கமாட்டார். பருவம் தொடங்குமுன் விற்பனையை மூடுவதற்கும் காரணம் உண்டு: மழையைக் குறைக்கக்கூடிய எல் நினோ பற்றிய முன்னறிவிப்பு வந்த பிறகு சேர விட்டால், வறட்சியை எதிர்பார்க்கிறவர்கள் மட்டுமே சேருவார்கள்.

இதன் பெரிய பலவீனம், நிலையத்தில் பெய்த மழையும் வயலில் பெய்த மழையும் வேறாக இருப்பது. கோடை இடிமழை ஒரு ஊரை நனைத்துவிட்டு அடுத்த ஊரைக் காயவிடும். பயிர் கருகியும் பணம் வராத ஆண்டு ஒன்று போதும், அந்த விவசாயி மறுபடி இந்தப் பக்கம் வரமாட்டார். அதில் நியாயமும் இருக்கிறது. பூச்சித் தாக்குதலுக்கோ போலி விதைக்கோ மழைக் குறியீட்டில் இடமே இல்லை. மொத்த மழை சரியாக இருந்து நடுவில் 20 நாள் வறண்டாலும் பூக்கும் நிலக்கடலை வாடும். அதனால் நல்ல பாலிசியில் தொடர் வறட்சி நாட்களுக்குத் தனி விதி இருக்க வேண்டும்.

கருவியும் ஏமாற்றும். தானியங்கி மழைமானியில் புனலுக்கு அடியில் சீசாப் பலகை போல ஆடும் இரட்டைக் கிண்ணம் உண்டு. ஒரு பக்கம் நிறைந்து கவிழும் ஒவ்வொரு முறையும் ஒரு எண்ணிக்கை பதிவாகும். புனலில் பறவை எச்சமோ சருகோ குளவிக் கூடோ அடைத்தால் நீர் தேங்கி, மழை நின்ற பிறகு சொட்டுச் சொட்டாக இறங்கும். வெயில் நாளில் மழை பதிவானால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கொட்டும் மழையில் கிண்ணம் கவிழும் நொடிக்குள் விழும் நீர் கணக்கில் தப்பிவிடும். பக்கத்தில் மரமோ கட்டடமோ இருந்தால், அதன் உயரத்தைப் போல இரு மடங்கு தூரமாவது தள்ளி மழைமானி நிற்க வேண்டும். பிரீமிய மானியத்துக்கு அரசு செலவிடும் பணத்தில் ஒரு பங்கை மழைமானிகளை நெருக்கமாக வைக்கவும் பராமரிக்கவும் ஒதுக்காத வரை இந்தத் திட்டம் நம்பிக்கையைப் பெறாது என்பது எங்கள் கருத்து.

சேருமுன் கேட்க வேண்டியவை: என் ஊருக்கு எந்த நிலையம், எவ்வளவு தூரம்? அது பழுதானால் எதன் பதிவை எடுப்பீர்கள்? கட்டங்களின் தேதிகள் என்ன? நீங்கள் மூன்று வாரம் தாமதமாக விதைத்தால், உங்கள் செடி பூக்கும்போது பாலிசியின் பூக்கும் கட்டம் முடிந்திருக்கலாம். இன்னொன்று, வானிலை ஆய்வு மையத்தின் நாள் காலை 8.30-க்கு முடிகிறது. ஜூலை 14 மாலை பெய்த மழை, 15-ஆம் தேதிக் கணக்கில்தான் ஏறும். கட்டத்தின் கடைசி நாளில் இது பணத்தையே மாற்றும். வயலில் ஒரு பிளாஸ்டிக் மழைமானி நட்டு அதே 8.30-க்குக் குறித்து வையுங்கள். அதைக் காட்டி இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் ஊரில் பத்துப் பேர் ஒரே நாளில் 30 மி.மீ.க்கு மேல் குறித்திருக்க, நிலையம் சுழியம் காட்டினால், அதைப் பழுது பார்க்கச் சொல்லி எழுத்தில் முறையிட அந்தக் குறிப்பேடு போதும்.